நோட்டு நிறைந்தது, மார்க் ஏறவில்லை: பத்தாம் வகுப்புக் கணிதப் பயிற்சி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில், ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவியைப் பற்றிய பதிவு இது. அவளுக்கு நான் கணித ஆசிரியை. ஊர், பள்ளி, மாணவி எதன் பெயரும் இங்கே வராது. அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பெற்றோர் இருவரும் வீட்டிலேயே தறி நெய்பவர்கள். பள்ளி விட்டதும் அவள் டியூஷன் போவாள். வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டு, தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு மறுபடி புத்தகத்தை எடுப்பாள். பதினொன்றாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் (கணிதமும் அறிவியலும் உள்ள பாடப்பிரிவு) எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கத்திலிருக்கும் மேல்நிலைப் பள்ளியில் அந்தக் குரூப்புக்குப் போட்டி உண்டு. கணக்கில் எழுபத்தைந்துக்கு மேல் இருந்தால்தான் தயங்காமல் போய்க் கேட்க முடியும்.

காலாண்டுத் தேர்வில் அவள் எடுத்தது 58. அரையாண்டில் 54. உழைப்பு கூடிக்கொண்டே போன மாதங்களில் மதிப்பெண் இறங்கியது. அந்த வகுப்பிலேயே அதிகமாகக் கணக்குப் போட்ட பிள்ளை அவள்தான் என்பதால் இதைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

வினாத்தாள் அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மொத்தம் 100 மதிப்பெண், எழுத மூன்று மணி நேரம், அதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம். முதல் பகுதியில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டாம் பகுதியில் 14 இரண்டு மதிப்பெண் வினாக்களில் 10 எழுத வேண்டும். மூன்றாம் பகுதியில் 14 ஐந்து மதிப்பெண் வினாக்களில் 10. இந்த இரண்டு பகுதிகளிலும் கடைசி வினா கட்டாயம். நான்காம் பகுதியில் செய்முறை வடிவியலும் வரைபடமும், தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 போதும். அதனால் ஒரு மதிப்பெண், வடிவியல், வரைபடம் மூன்றையும் பிடித்துக்கொண்டு, மேலே கொஞ்சம் இரண்டு மதிப்பெண் சேர்த்துப் பாஸ் ஆகிவிடும் வழி ஒன்று பல பள்ளிகளில் புழக்கத்தில் இருக்கிறது. தேர்ச்சியே சந்தேகமாக இருக்கும் பிள்ளைக்கு அது சரியான வழி. இந்த மாணவிக்கு அது போதாது. பாதி மதிப்பெண் ஐந்து மதிப்பெண் பகுதியில் இருக்கிறது, அவள் விழுந்ததும் அங்கேதான்.

அரையாண்டு விடைத்தாளில் கண்டது

விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறந்ததும் அவளை உட்காரவைத்து விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தோம். ஒரு மதிப்பெண்ணில் 11, இரண்டு மதிப்பெண்ணில் 13, ஐந்து மதிப்பெண் பகுதியில் ஐம்பதுக்கு 21, கடைசிப் பகுதியில் பதினாறுக்கு 9. இழந்த 46 மதிப்பெண்ணும் எதனால் போனது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதினோம். பாடமே தெரியாமல் போனது 3. படிகளை விட்டது, படம் வரையாதது, அலகு எழுதாதது எல்லாம் சேர்ந்து 5. கூட்டல், கழித்தல், குறிப் பிழைகளில் 9. நேரம் போதாமல் 12. மீதி 17 மதிப்பெண், தெரிந்த கணக்குக்குத் தவறான வழியை எடுத்ததால் போனது.

அந்த 17ஐத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பெருக்குத் தொடர்வரிசையின் அடுத்தடுத்த மூன்று உறுப்புகளின் பெருக்கல் பலன் 343, கூடுதல் 91/3, உறுப்புகளைக் காண்க என்பது ஒரு வினா. பெருக்குத் தொடர்வரிசை என்று வினாவிலேயே இருக்கிறது. அவள் கூட்டுத் தொடர்வரிசைக்கு எடுப்பதுபோல நடு உறுப்பிலிருந்து ஒரே எண்ணைக் கழித்தும் கூட்டியும் மூன்று உறுப்புகளை எடுத்து, ஒரு பக்கம் நிறைய எழுதி, விடை வராமல் விட்டிருந்தாள். சரியாக எடுத்திருந்தால் பெருக்கும்போது பொது விகிதம் அடிபட்டுப்போய் நடு உறுப்பு 7 என்று இரண்டாவது வரியிலேயே கிடைக்கும்.

இன்னொன்று கூம்பு வடிவக் கூடாரம். ஆரம் 7 மீட்டர், உயரம் 24 மீட்டர், 4 மீட்டர் அகலமுள்ள துணி எவ்வளவு நீளம் வேண்டும்? சாயுயரம் 25 என்று சரியாகக் கண்டுபிடித்தவள் மொத்தப் புறப்பரப்புச் சூத்திரத்தைப் போட்டு 704 சதுர மீட்டர், ஆகவே 176 மீட்டர் என்று முடித்திருந்தாள். கூடாரத்துக்குத் தரையில் துணி கிடையாது. வளைபரப்பு 550, நீளம் 137.5 மீட்டர்.

மூன்றாவது, முக்கோணவியல். 50√3 மீட்டர் உயரமான பாறையின் உச்சியிலிருந்து தரையில் நிற்கும் கார் 30° இறக்கக்கோணத்தில் தெரிகிறது, தூரம் எவ்வளவு என்ற கணக்கு. இறக்கக்கோணத்தைக் கிடைமட்டக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அவள் 30° ஐப் பாறையின் செங்குத்துக் கோட்டோடு ஒட்டிக் குறித்துவிட்டாள். அதன் பிறகு செய்த வேலை முழுவதும் பிழையில்லாதது. ஆனால் 150 மீட்டர் வரவேண்டிய இடத்தில் 50 மீட்டர் வந்தது.

மூன்றிலும் சூத்திரம் தெரியும், கணக்குப் போடவும் தெரியும். எதைப் போடுவது என்று முடிவெடுக்கும் அந்த முதல் அரை நிமிடத்தில்தான் தவறு நடந்திருக்கிறது.

நேரில் கவனித்தது

விடைத்தாள் இவ்வளவு சொல்லியும் எனக்கு ஒன்று புரியவில்லை. இதே கணக்குகள் அவளுடைய நோட்டில் சரியாக இருந்தன. சில கணக்குகளை இரண்டு, மூன்று தடவை போட்டிருந்தாள். அதனால் பள்ளி விட்ட பிறகு வகுப்பிலேயே உட்கார்ந்து, வீட்டில் எப்படிப் போடுவாயோ அப்படியே போடு என்று சொல்லிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடப்பக்கம் கைடு விரித்து வைத்திருந்தாள், வலப்பக்கம் நோட்டு. இரண்டு வரி எழுதுவாள், கண் கைடுக்குப் போகும், மறுபடி இரண்டு வரி. பார்த்து எழுதுகிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. 'சரிபார்த்துக்கிறேன் மிஸ்' என்றாள். உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள். ஒரு பயிற்சியை முடித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போவாள். ஒரு பயிற்சி முழுவதும் ஒரே வகைக் கணக்கு என்பதால், இரண்டாவது கணக்கிலிருந்து எந்த வழி என்ற கேள்வியே எழுவதில்லை. டியூஷனிலும் பாடம் பாடமாகத்தான் போனது.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில் வேறு வேறு பாடங்களிலிருந்து நான்கு கணக்குகளை எழுதிக் கொடுத்தேன். முதல் கணக்கைப் படித்துவிட்டு அவள் கேட்டது: 'இது எந்த லெசன் மிஸ்?'

ஆறாவது பாடம் என்று சொன்னதும் போட்டுவிட்டாள். அடுத்ததற்கும் அதையே கேட்டாள். இந்த முறை நான் சொல்லவில்லை. வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொதுத்தேர்வு வினாத்தாளில் எந்தக் கணக்குக்கு மேலேயும் பாடத்தின் பெயர் போட்டிருக்காது. அவள் வருடம் முழுக்கச் செய்த பயிற்சியில் இல்லாமல் போன ஒரே வேலை அதுதான்.

எடுத்த முடிவுகள்

முதலில் கைடு. அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. புதிதாக ஒரு வகையைக் கற்கும்போது எடுத்துக்காட்டைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் படித்த பிறகு மூடிவிட்டு எழுத வேண்டும். நடுவில் சிக்கினால் திறந்து பார்க்கலாம், பார்த்தால் மூடிவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி எழுத வேண்டும் என்று வைத்தோம். கடைசி நிபந்தனை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதுதான் நன்றாக வேலை செய்தது.

இரண்டாவது, கலந்து போடுவது. பழைய வினாத்தாள்களில் இருந்த இரண்டு, ஐந்து மதிப்பெண் வினாக்களைக் கத்தரித்து, துண்டுத்தாள்களாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டோம். தினமும் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து துண்டு எடுக்க வேண்டும். போடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் மூன்று சின்ன வரி: என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எந்த வழி. ஐந்தில் இரண்டை மட்டும் முழுதாகப் போட்டால் போதும், மற்ற மூன்றுக்கு அந்த வரிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். இதைக் கேட்டதும் சக ஆசிரியர் ஒருவர், கணக்கை முடிக்காமல் விடுவது கெட்ட பழக்கம் என்றார். மற்ற பிள்ளைகளுக்கு அவர் சொல்வது சரி. இவளுக்குக் கணக்கை முடிப்பதில் குறையே இல்லை, தொடங்குவதில்தான் குறை. இருக்கும் நேரத்தில் தொடக்கத்தைத்தான் அதிகம் பழக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, பிழை நோட்டு. தவறாகப் போன கணக்கு மட்டும் அதில் ஏறும். கீழே ஒரு வரியில் காரணம். 'கவனக்குறைவு' என்று எழுதக் கூடாது, ஏனென்றால் அதை வைத்து அடுத்த முறை எதையும் மாற்ற முடியாது. வரைபடக் கணக்கில் அட்டவணை போடும்போது (−3)² ஐ −9 என்று எழுதும் பழக்கம் அவளுக்கு இருந்தது பிழை நோட்டில்தான் வெளியே வந்தது. ஒரே பிழை வேறு வேறு நாளில் மூன்று கணக்குகளில் உட்கார்ந்திருந்தது. அதற்குத் தீர்வாக, புள்ளிகளைக் குறிக்கும் முன் அட்டவணையின் கடைசி வரியை ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இருபடிக் கோவையின் மதிப்புகள் 10, 4, 0, −2, −2, 0, 4, 10 என்பதுபோல இறங்கி, அதே எண்கள் திரும்ப ஏற வேண்டும். இடப்பக்கம் திடீரென்று −14 என்று வந்தால் வர்க்கத்தில் குறி மாறியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்க ஐந்து விநாடி ஆகும், அதில் காப்பாற்றுவது 8 மதிப்பெண்.

நான்காவது, எழுதும் வரிசை. அரையாண்டில் வடிவியலையும் வரைபடத்தையும் 'உறுதியான மார்க்' என்று முதலில் எடுத்து, அழித்து அழித்து வரைந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை அங்கேயே விட்டிருந்தாள். அதிலும் பெரிதாக்கும் வடிவொத்த முக்கோணத்தில், 7/3 என்ற அளவுக்கு, மூன்றாவது புள்ளியை முக்கோணத்தின் முனையோடு இணைத்துவிட்டு ஏழாவது புள்ளி வழியாக இணைகோடு வரைவதற்குப் பதில், ஏழாவது புள்ளியை முனையோடு இணைத்திருந்தாள். முக்கோணம் பெரிதாக வேண்டியது சிறிதாகிப்போனது. புதிய திட்டத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கால் மணி நேரம், ஐந்து மதிப்பெண்ணுக்கு 80 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 35, வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 30, மீதி 20 நிமிடம் சரிபார்க்க. பாதி மதிப்பெண் இருக்கும் பகுதியைத் தெளிவான தலையோடு எழுத வேண்டும். கவராயமும் பென்சிலும் பழகிய கைக்குக் களைப்பிலும் வரும் என்பதே காரணம். ஆனால் ஐந்து மதிப்பெண் எத்தனை பாக்கி இருந்தாலும், மணி அடிக்க 50 நிமிடம் இருக்கும்போது கிராஃப் ஷீட்டைக் கையில் எடுத்துவிட வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக வைத்தோம். 16 மதிப்பெண்ணை வைத்துப் பரீட்சை பார்க்க முடியாது. முதல் 10 நிமிடத்தில் ஐந்து மதிப்பெண் வினாக்களில் எந்த நான்கை விடப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்வதும் இதோடு சேர்ந்தது. கட்டாய வினாவை விடும் பட்டியலில் சேர்க்க முடியாது, அது புத்தகக் கணக்கை மாற்றியும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

டியூஷனை என்ன செய்வது என்பதில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. 'ராத்திரி பன்னெண்டு வரைக்கும் கணக்குதான் போடுறா டீச்சர். இன்னும் என்னதான் பண்ணணும்?' என்றார். பக்கத்தில் ஒருவர் இழைக்கு இழை சொல்லச் சொல்ல நெய்வதும் தானாக நெய்வதும் ஒன்றா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டியூஷன் சாரிடம் தானே சொல்வதாகச் சொன்னார். மற்ற பாடங்களுக்கு டியூஷன் தொடர்ந்தது. கணக்கு நேரத்தில் மட்டும் அவள் டப்பாவோடு ஓரமாக உட்கார்ந்துகொள்ள அவரும் ஒத்துக்கொண்டார். இரவுப் படிப்பைப் பத்து மணியோடு நிறுத்தச் சொன்னேன். அதை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

முதல் திருப்புதல் தேர்வு

ஜனவரிக் கடைசியில் நடந்த முதல் திருப்புதல் தேர்வில் அவள் எடுத்தது 51. அரையாண்டைவிடவும் குறைவு.

அன்று மாலை அழுதுகொண்டே வந்தாள். பழையபடி பாடம் பாடமாகவே போட்டுக்கொள்கிறேன் மிஸ் என்றாள். அந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. மறுபடி பென்சிலை எடுத்து, இழந்த மதிப்பெண்களைப் பிரித்தோம். தவறான வழியால் போனது 8 ஆகக் குறைந்திருந்தது. நேரம் போதாமல் போனது 12லிருந்து 27 ஆகியிருந்தது. பழைய நாட்களில் அவள் யோசிக்காமலே எழுத ஆரம்பிப்பாள், அதனால் வேகமாக எழுதினாள். இப்போது ஒவ்வொரு கணக்குக்கும் நின்று யோசிக்கிறாள். முயன்ற கணக்குகள் குறைவு, ஆனால் முயன்றவற்றில் பெரும்பாலானவை சரி.

இதை அவளிடம் வாயால் சொல்லவில்லை. இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் வைத்து அவளையே எண்ணச் சொன்னேன். யோசிக்கும் நேரம் பழகப் பழகக் குறையும், தவறான வழியில் முழுப் பக்கம் எழுதும் வேகம் எத்தனை கூடினாலும் மதிப்பெண்ணாகாது. வழியை மாற்றாமல் இன்னொரு தேர்வுவரை போவது என்று இருவரும் முடிவு செய்தோம். அம்மாவிடமும் இதை மறைக்கவில்லை.

பிப்ரவரி, மார்ச்

இந்தக் கட்டத்தில் ஒரு மாற்றம் செய்தோம். தனியாக டப்பாவோடு உட்கார்வது அவளுக்குச் சோர்வாக இருந்தது. வகுப்பில் இன்னொரு மாணவியைச் சேர்த்துவிட்டேன். ஒருத்தி துண்டை எடுத்து வாசிப்பாள், மற்றவள் எழுதாமல் வாயாலேயே வழியைச் சொல்ல வேண்டும், ஏன் அந்த வழி என்றும் சொல்ல வேண்டும். 'கூடாரம்னா அடிப்பக்கம் இல்ல, அதனால வளைபரப்பு. மூடி போட்ட பாத்திரம்னா மொத்தம்' என்று அவள் சொல்வதைப் பக்கத்து வகுப்பிலிருந்தே கேட்டிருக்கிறேன். மதிய உணவு இடைவேளையில் பத்து, பன்னிரண்டு துண்டுகளை முடித்துவிடுவார்கள். தாளில் எழுதினால் ஒரு மாலை முழுக்க ஆகும் வேலை அது.

தேற்றங்களில் வேறு சிக்கல் இருந்தது. தேல்ஸ் தேற்றம், கோண இருசமவெட்டித் தேற்றம் இரண்டையும் மனப்பாடமாக எழுதுவாள், முக்கோணத்துக்கு வேறு எழுத்துகளைக் கொடுத்தால் நான்காவது வரியில் குழம்பிவிடுவாள். ஒவ்வொரு முறையும் எழுத்தை மாற்றி, முக்கோணத்தைத் தலைகீழாகவோ சாய்த்தோ வரைந்து நிறுவச் சொன்னேன். சில நாள் தடுமாறினாள், அப்புறம் சரியாகிவிட்டது.

இரண்டாம் திருப்புதலில் 66, மூன்றாவதில் 76. இரண்டுக்கும் நடுவில் ஞாயிறுதோறும் முழு வினாத்தாள் எழுதவைத்துப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன். திங்கட்கிழமை களைத்துப்போய் வந்தாள், எழுதியதைத் திருத்திப் பார்க்க இருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. திருத்திப் பார்க்காத வினாத்தாளால் பயன் குறைவு. அதற்குப் பதில் ஒரு பகுதியை மட்டும் கடிகாரம் வைத்து எழுதி, அன்றே திருத்தினோம்.

பொதுத்தேர்வும் முடிவும்

பொதுத்தேர்வில் கணிதத்தில் 78 எடுத்தாள். தேர்வு முடிந்த அன்றே வினாத்தாளை வைத்துக்கொண்டு எங்கே போயிருக்கும் என்று பேசினோம். ஐந்து மதிப்பெண் கட்டாய வினாவில் பாதிதான் எழுத முடிந்தது என்றாள். திட்டவிலக்கக் கணக்கில் வர்க்கங்களைக் கூட்டும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டதும் வெளியே வந்த பிறகு அவளுக்கே தெரிந்தது. வடிவியல், வரைபடம் இரண்டையும் முடிக்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகியிருக்கிறது. வழி தெரியாமல் நின்றது ஒரே ஒரு இரண்டு மதிப்பெண் வினாவில், அதை விருப்பத்தில் விட்டுவிட்டாள்.

அவள் கேட்ட குரூப் கிடைத்தது.

அடுத்த ஆண்டு மாற்றுவது

கலந்து போடுவதை ஜனவரிவரை தள்ளக் கூடாது. இரண்டாவது பாடம் முடிந்ததுமே முதல் இரண்டு பாடங்களின் துண்டுகளை டப்பாவில் போட்டுவிடலாம். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் அதன் வினாக்கள் சேர்ந்துகொண்டே போகும். அப்படிச் செய்தால் மதிப்பெண் ஒருமுறை இறங்கி ஏறும் அந்தக் கட்டம் காலாண்டுக்கு முன்பே முடிந்துவிடும், பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளை அதைத் தாங்க வேண்டியிருக்காது. இழந்த மதிப்பெண்ணைக் காரணம் பிரித்துப் பார்ப்பதையும் காலாண்டு விடைத்தாளிலிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடங்கப் போகிறேன். ஆசிரியர் ஒருவரே நாற்பது தாளைப் பிரிப்பது நடக்காது; முதல் தாளைச் சேர்ந்து செய்தால் அடுத்ததைப் பிள்ளைகளே செய்கிறார்கள் என்பது இவளிடம் தெரிந்தது.

இதே டப்பாவை அதே வகுப்பில் ஒரு மாணவனுக்கும் கொடுத்துப் பார்த்தோம், அவனுக்கு அது உதவவில்லை. அவன் விடைத்தாளைப் பிரித்தபோது பாடமே தெரியாமல் போன மதிப்பெண்தான் அதிகம். பின்னங்களைக் கூட்டுவதிலும் குறை எண்களிலும் தடுமாற்றம் இருந்தது. வழியைத் தேர்ந்தெடுக்க, கையில் வழிகள் இருக்க வேண்டும். எனவே அவனுக்கு டப்பாவை நிறுத்திவிட்டு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்கிலிருந்து கொஞ்ச நாள் போட்டு, பிறகு ஒரு மதிப்பெண், வடிவியல், வரைபடம், எளிய இரண்டு மதிப்பெண் என்று வரிசையாகப் பழக்கினோம். அவன் 47 எடுத்துத் தேர்ச்சி பெற்றான். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாராவது வினாத்தாளைக் கத்தரிக்கத் தொடங்கும் முன், அந்தப் பிள்ளையின் கடைசி விடைத்தாளை எடுத்து, போன மதிப்பெண் எதனால் போனது என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள்.